48 மடைக் கண்மாயும் ஒரே ஒரு புள்ளியும்

"சிவப்பா இருக்குற எடத்துல எல்லாம் தண்ணி வத்திப் போச்சா தம்பி?"

மதுரையில் ஒரு சின்ன அறை. இருபது பேர் இருந்திருப்பார்கள். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை ஹீட்மேப்பாக, அதாவது எங்கே எவ்வளவு நெருக்கம் என்று நிறத்தில் காட்டும் படமாகப் போட்டு புரொஜெக்டரில் காட்டிக்கொண்டிருந்தேன். கேட்டவர் பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் பாதியைக் கண்மாய்க் கரைகளில் நடந்தே கழித்தவர். நான் சொல்ல வந்ததோ நேர் எதிர். சிவப்பு என்றால் அங்கே நிறையக் கண்மாய்கள் இணைய வரைபடத்தில் ஏறிவிட்டன, நல்ல சேதி என்று அர்த்தம். அவர் கண்ணுக்குச் சிவப்பு என்றால் வறட்சி. அறையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அப்படித்தான் பட்டிருக்கிறது, அவர் ஒருவர்தான் வாய்விட்டுக் கேட்டார் என்பது டீ குடிக்கும்போது தெரிந்தது.

என் பிழைப்பு ஜிஐஎஸ், கம்ப்யூட்டரில் மேப் போடுகிற தொழில். பகலில் யாருக்கோ மேப் போட்டுக் கொடுப்பேன், சனி ஞாயிறுகளில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சொந்த ஊர்ப்பக்கத்தை வரைவேன். 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய திட்டம் அது. யார் வேண்டுமானாலும் கணக்குத் திறந்து, சாட்டிலைட் படத்தின் மேல் ரோட்டையும் வீட்டையும் கண்மாயையும் வரைந்து ஏற்றலாம். வடக்கே ஏரி என்பதையும் திருநெல்வேலிப் பக்கம் குளம் என்பதையும் நாங்கள் கண்மாய் என்போம். அதில் சின்னது ஏந்தல். ஊருக்குள் குடிக்க, புழங்க இருப்பது ஊருணி. வைகையிலிருந்து கால் பிரிந்து, ஒன்று நிரம்பி மறுகால் போய் அடுத்ததுக்கு என்று சங்கிலியாகப் போகிறவை. சீமையை மேலிருந்து பார்த்தால் யாரோ கை நிறையப் பிறை நிலாக்களை அள்ளி இறைத்த மாதிரி இருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். இவற்றில் இன்னும் வரையப்படாதவை எங்கே இருக்கின்றன? அது தெரிந்தால் நானும் நாலு நண்பர்களும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். மூன்று மாதம் இழுத்தது.

கியூஜிஐஎஸ் என்கிற மேப் மென்பொருளில் பழகியவர்களுக்குத் தெரியும், ஹீட்மேப் போடுவது இரண்டு கிளிக் வேலை. வரைந்து வைத்த கண்மாய் எல்லைகளை, எங்கள் பாஷையில் பாலிகன்களை, இறக்கினேன், ஒவ்வொன்றுக்கும் சென்ட்ராய்டு என்கிற நடுப்புள்ளியை எடுத்துப் புள்ளியாக்கினேன், லேயர் ஸ்டைலில் ஹீட்மேப் என்று தேர்ந்தெடுத்தேன். உடனே திரை ஜொலித்தது. அந்த ஜொலிப்பில்தான் ஏமாந்தேன். ஸ்டைலில் இருக்கிற அந்த ஹீட்மேப்பின் ஆரம், நாம் மாற்றாத வரை, மில்லிமீட்டரில் இருக்கும். தரையில் மில்லிமீட்டர் கிடையாது, திரையில். மேப்பைச் சுருக்கினால் மாவட்டமே ஒரு சிவப்பு உருண்டை, பெரிதாக்கினால் கண்மாய்க்கு ஒரு பொட்டு. நிலம் மாறவில்லை, மவுஸ் சக்கரம்தான் உருண்டது. நான் கூட்டத்தில் காட்டியது எனக்கு எது அழகாகத் தெரிந்ததோ அந்த ஜூமில் நிறுத்திய படம்.

சரி, முறையாகச் செய்வோம் என்று டூல்பாக்ஸில் இருக்கிற ஹீட்மேப் கருவிக்குப் போனேன். கெர்னல் டென்சிட்டி என்பார்கள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு படி மணலைக் கொட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குவியல் நடுவில் உயரமாகவும் ஓரத்தில் சரிந்தும் இருக்கும், பக்கத்துப் புள்ளியின் குவியலோடு சேருகிற இடத்தில் உயரம் கூடும். கடைசியில் மணல் எங்கே எவ்வளவு உயரம் என்று அளப்பதுதான் ஹீட்மேப். சரிவின் வடிவத்தையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். கருவி தானாக வைத்திருப்பது குவார்ட்டிக். அதில் ஆரத்தின் பாதித் தூரத்தில் எடை உச்சத்தில் 56 சதவீதமாக இறங்கியிருக்கும், ஆரத்தின் விளிம்பில் பூஜ்யம்.

ஆரம் 2 கிலோமீட்டர் என்று மனதில் வைத்து 2000 என்று அடித்தேன். லேப்டாப்பின் ஃபேன் கத்த ஆரம்பித்தது. லேயர் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது, அதாவது அலகு டிகிரி. ஒரு டிகிரி நம் பக்கத்தில் 110 கிலோமீட்டர். நான் பூமியை ஐந்தரைச் சுற்றுச் சுற்றி வரச் சொல்லியிருக்கிறேன். பதினைந்து வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மீட்டரில் அளக்கிற புரொஜெக்ஷனுக்கு மாற்ற வேண்டும். உலகத்தை நீளவாக்கில் பட்டை பட்டையாகப் பிரிக்கிற யூடிஎம் முறையில் நம் பக்கத்துக்கு 44 வடக்கு, மென்பொருளில் அதன் எண் 32644. தமிழ்நாட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. 43-ஆம் பட்டைக்கும் 44-ஆம் பட்டைக்கும் எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை, அது திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவே இறங்குகிறது. கோவைக்காரர்கள் ஒரு பக்கம், சென்னைக்காரர்கள் மறுபக்கம். சிவகங்கையும் ராமநாதபுரமும் முழுசாக 44-ல் விழுந்தது என் அதிர்ஷ்டம்.

ஆரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். 500 மீட்டரில் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக. 10 கிலோமீட்டரில் ஒரே ஜமக்காளம். 2 கிலோமீட்டரில் ஏதோ சொல்வது மாதிரி இருந்தது. ஆனால் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் கிழக்கே கடலுக்குள்ளும் நிறம் பரவியிருந்தது. கரையோரப் புள்ளிகளின் மணல் கடலில் சரிந்திருக்கிறது. கருவிக்குக் கரை எது, பாக் நீரிணை எது என்று தெரியாது. கடல் பக்கத்தை வெட்டி எறிந்துவிடலாம், ஆனால் அங்கே போன மணல் போனதுதான். கரையோர ஊர்கள் உள்ளதைவிட வெளிறித் தெரியும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் கையை உதறியது ஆர்.எஸ்.மங்கலத்தில்.

ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு. நாரை பறக்காத 48 மடைக் கண்மாய். ஒரு நாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே மூச்சில் பறக்க முடியாதாம், அத்தனை பெரிசு. என் ஹீட்மேப்பில் அது ஒரே ஒரு புள்ளி. பக்கத்து ஊரில் நாலு படிக்கட்டோடு இருக்கிற ஊருணியும் ஒரு புள்ளி. ஒரே அளவு மணல். கண்மாயின் மேல் நின்றால் வெளிறிய மஞ்சள், மூன்று ஊருணி பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊரில் கொழுந்துவிட்டு எரிகிறது.

பரப்பளவை எடையாகக் கொடுக்கலாமே என்று நண்பர் சொன்னார். கொடுத்துப் பார்த்தேன். அத்தனை தண்ணீரையும் கண்மாயின் நடுவில் ஒரே இடத்தில் கொட்டி, அங்கிருந்து வட்டமாகச் சரியவிட்டது. பிறை வடிவக் கண்மாய்க்கு சென்ட்ராய்டு பல நேரம் தண்ணீருக்குள்ளேயே விழாது, வயலில் விழும். சரி, பாலிகனின் முனைகளையெல்லாம் புள்ளிகளாக்கினால்? அது இன்னும் வேடிக்கை. பொறுமைசாலி ஒருவர் கரையின் ஒவ்வொரு நெளிவையும் நானூறு கிளிக்கில் வரைந்த சின்னக் கண்மாய் தகதகவென்று எரிந்தது. அவசரக்காரர் பன்னிரண்டு கிளிக்கில் முடித்த பெரிய கண்மாய் அணைந்து கிடந்தது. வரைந்தவரின் குணத்தை அளக்க வேண்டுமென்றால் அருமையான படம்.

அப்போதுதான் உறைத்தது. இதுவரை போட்ட படம் எல்லாமே வரைந்தவர்களின் படம். காரைக்குடியைச் சுற்றிப் பளிச்சென்று இருந்தால் அங்கே யாரோ சில பேர் சில இரவுகள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்ட்ராவா என்கிற ஓட்டப்பயிற்சிச் செயலி 2017 நவம்பரில் உலகம் முழுவதற்கும் ஒரு ஹீட்மேப் வெளியிட்டது. சில வாரம் கழித்து, 2018 ஜனவரியில், பாலைவன இருட்டுக்குள் தனியாக மினுக்கிய சில வளையங்கள் ராணுவ முகாம்கள் என்று ஒரு ஆஸ்திரேலிய மாணவர் கண்டுபிடித்துச் சொன்னார். செயலி வைத்திருந்த சிப்பாய்கள் மதிலோரம் ஓடியிருக்கிறார்கள். பக்கத்துக் கிராமங்களில் நடமாட்டமே இல்லாமலா இருந்தது? அவர்களிடம் செயலி இல்லை.

ஆகவே எனக்கு வேண்டியது ஒரு வகுக்கும் எண். வரைந்தது எவ்வளவு என்பதை, இருப்பது எவ்வளவு என்பதால் வகுக்க வேண்டும்.

மணலை ஓரங்கட்டிவிட்டுக் கட்டத்துக்கு மாறினேன். இரண்டு மாவட்டத்தின் மேலும் ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள அறுகோணங்களைப் பரப்பினேன், ஒன்று ஏறத்தாழ 21.6 சதுர கிலோமீட்டர். அறுகோணம் ஏன் என்றால் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சதுரத்தில், தரவில் இல்லாத கிடைமட்ட, செங்குத்துக் கோடுகளைக் கண் தேடும், அறுகோணத்தில் அந்தத் தொந்தரவு குறைவு. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சதவீதம் கண்மாய்ப் பாலிகன் மூடியிருக்கிறது என்பதை ஓவர்லேப் அனாலிசிஸ் கருவி சொல்லிவிடும். ஒரே கண்மாயை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்திருந்தாலும் ஒன்றாக இணைத்துத்தான் கணக்கிடும். நான் கையால் பரப்பளவுகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது இந்த இரட்டைக் கண்மாய்கள் என்னை நன்றாகப் படுத்தியிருந்தன.

இங்கே ஒரு பொய் ஓட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது தடுக்கி விழாமல் இருக்கட்டும். வரைந்தது என்ன என்று சொல்ல ஒட்டுகிற சீட்டுதான் டேக், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கண்மாய்க்கு அது இரண்டு தலைமுறையாக இருக்கிறது. பழையது லேண்ட்யூஸ்=ரிசர்வாயர். 2011-க்குப் பிறகு வந்தது நேச்சுரல்=வாட்டர், அதோடு வாட்டர்=ரிசர்வாயர். இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. நான் புதியதை மட்டும் கேட்டு இறக்கியிருந்தேன். ஒரு தாலுகாவில் பாதி காலி என்று மேப் அடித்துச் சொன்னது, நானும் நண்பரை உசுப்பிவிட்டேன். அவர் எடிட்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் செய்தார். "எல்லாம் இருக்குங்க, எட்டு வருசம் முன்னாடியே யாரோ போட்டுட்டாங்க." ஓட்டை என் கேள்வியில் இருந்தது.

வகுக்கும் எண்ணுக்கு வருகிறேன். ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையம் 1984 முதலான லேண்ட்சாட் சாட்டிலைட் படங்களை அலசி உலகத்தின் மேற்பரப்பு நீர் வரைபடத்தை 2016-ல் வெளியிட்டது. இலவசம். ஆனால் அதன் பிக்சல் 30 மீட்டர், நம் ஊருணிக்கு நாலு பிக்சல் கிடைத்தால் பெரிய விஷயம். அதனால் 10 மீட்டர் பிக்சலுள்ள சென்டினல்-2 சாட்டிலைட் படத்துக்குப் போனேன். தண்ணீரைப் பிரித்தெடுப்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு, 1996-லிருந்து எல்லோரும் பயன்படுத்துவது. பச்சை ஒளியிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், ஆகவே விடை நேர்மறையாக வரும். செடி அதைத் திருப்பி அடிக்கும், விடை எதிர்மறை.

எந்த மாதத்துப் படம் என்பதில்தான் சூட்சுமம். மே மாதப் படத்தில் எங்கள் கண்மாயெல்லாம் கிரிக்கெட் மைதானம். நவம்பரில் மேகம், மேகம் இல்லாத நாளில் நடவு வயல் முழுக்கத் தண்ணீர், கணக்குக்கு அதுவும் கண்மாய்தான். ஜனவரியில் நெல் வளர்ந்து பச்சையாகிவிடும், கண்மாயில் தண்ணீர் இன்னும் நிற்கும். ஜனவரியை எடுத்தேன். கடலோர உப்பளங்களை மட்டும் கையால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

வகுத்தேன். சில கட்டங்களில் 180 சதவீதம் வந்தது. பதறிப் போய்ப் பார்த்தால், வரைகிறவர்கள் கண்மாயின் முழுக் கொள்ளளவுக்கான எல்லையை வரைகிறார்கள், அந்த ஜனவரியில் அதில் பாதிதான் தண்ணீர். இரண்டு பரப்பளவையும் வகுப்பதே தப்பு. கேள்வியைத் திருப்பிப் போட்டேன். சாட்டிலைட் பார்த்த தண்ணீர் பிக்சல்களில் எத்தனை, யாராவது வரைந்த பாலிகனுக்குள் இருக்கின்றன? இப்போது விடை நூறைத் தாண்ட முடியாது. நூறில் தொண்ணூறு உள்ளே இருந்தால் அந்தக் கட்டத்தில் வேலை அநேகமாக முடிந்தது. பத்து என்றால் நமக்கு வேலை இருக்கிறது. மூன்று மாதத்தில் உருப்படியாக நான் செய்தது இந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

நிறத்தையும் மாற்றினேன். சிவப்பே கிடையாது. வரைந்து முடித்தது வெளிர் நீலம், வரைய வேண்டியது அடர் நீலம். வானவில் வண்ணங்களை இன்னமும் மேப்பில் அள்ளித் தெளிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. மஞ்சள் வருகிற இடத்தில் தரவில் இல்லாத ஒரு வரப்பைக் கண் தானாகக் கட்டிக்கொள்ளும். தண்ணீரே இல்லாத கட்டங்களில் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும், அங்கே மென்பொருள் வெற்றென்று வைத்துவிட்டு எதையும் வரையாமல் விடும், அது வெள்ளையாகத் தெரியும். வெள்ளையும் வெளிர் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வேலை முடிந்த கட்டம் எது, கணக்கே இல்லாத கட்டம் எது என்று யாருக்குத் தெரியும்? அவற்றுக்குத் தனியாகச் சாம்பல் நிறம் கொடுத்தேன்.

அந்த மேப்போடு பொங்கலுக்கு ஊருக்குப் போனேன்.

என் சித்தப்பா ஊர்க் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது எத்தனை சாண் திறக்க வேண்டும் என்பது அவருடைய பொறுப்பு. இப்போது முழங்கால் வலி, திண்ணையோடு சரி. லேப்டாப்பை மடியில் வைத்துக் காட்டினேன். கூட்டத்தில் பொறியாளர் கேட்டது மாதிரி ஒன்றும் கேட்கவில்லை, நீலத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். பிறகு விரலைச் சாம்பல் கட்டம் ஒன்றில் வைத்தார்.

"இது என்னடா, சாம்பலு?"

"அங்க தண்ணியே இல்ல சித்தப்பா. கண்மாயி கெடையாது."

"யாரு சொன்னா?"

"சாட்டிலைட்டு."

சிரித்தார். "அது எங்கன நின்னு பாத்துச்சு? உங்க அப்பத்தாவக் கட்டிக் குடுத்தது அந்த ஊருலருந்துதான்டா. அங்க கண்மாயி இல்லாமயா அவுக அம்புட்டு நெல்லு வெளைய வச்சாக?"

சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கினேன். அடர் பச்சை. முழுக்கச் சீமைக்கருவேலம். தண்ணீர் இருந்தாலும் மரத்துக்கு அடியில் இருக்கும், மேலிருந்து பார்க்கிற கருவிக்கு இலை மட்டும்தான், கணக்கு எதிர்மறை என்று சொல்லிவிடும். என் வகுக்கும் எண்ணிலேயே அந்தக் கண்மாய் இல்லை. வரையாமல் விடப்பட்ட கண்மாய்களைத் தேடப் போய், அவற்றில் ரொம்ப மோசமாகக் கைவிடப்பட்டதை நானே கணக்கிலிருந்து எடுத்திருக்கிறேன்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மேல் குனிந்தார். "இந்தா, வளைஞ்சு போகுதுல்ல மரம். இந்தப் பக்கம் கொஞ்சம் ஒசரமா, நெழலு விழுகுது பாரு. இதான் கரை. தண்ணி மேக்கருந்து வரும், கெழக்க வயலு. அப்பக் கரை கெழக்கதான இருக்கணும்?" அவர் விரல் போன வழியில் மவுஸை நகர்த்தினேன். கரை ஒரு பிறையாக வந்தது. மேற்கு எல்லை எங்கே என்று கேட்டதற்கு, "அது வருசத்துக்கு வருசம் மாறும், மனசுக்குச் சரின்னு படுற எடத்துல போடு" என்றார். இதை எந்தக் கையேட்டிலும் எழுத மாட்டார்கள்.

பாலிகனை மூடினேன், டேக் போட்டேன், தண்ணீர் எப்போதும் நிற்காது என்பதற்கான இன்டர்மிட்டென்ட்=யெஸ் சேர்த்தேன். ஏற்றிவிட்டு, தரவை மறுபடி இறக்கி மேப்பை ஓட்டினேன். அந்த அறுகோணம் சாம்பலாகவே இருந்தது. இருக்கத்தானே செய்யும், தண்ணீர் பிக்சல் இன்னும் பூஜ்யம்தான். சித்தப்பாவிடம் இதை விளக்கப் பார்த்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"பேரு போட்டியா?"

போடவில்லை. சொன்னார், தமிழில் அடித்தேன். அந்தச் சாக்கில் பெயர் உள்ள கண்மாய்களை மட்டும் பிரித்து இன்னொரு மேப் ஓட்டிப் பார்த்தேன். வெளிர் நீலமாக இருந்த கட்டங்கள்கூட ஒன்றொன்றாக அடர்ந்துகொண்டே வந்தன. இருக்கிற பெயர்களிலும் நிறைய 'பெரிய கண்மாய்'.

"கலுங்கு எங்க?" என்றார். நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடத்தைக் கேட்கிறார்.

"எங்கன இருக்குன்னு தெரியலையே சித்தப்பா, படத்துல எல்லாம் மரமா இருக்கு."

"வடகோடியில ஒண்ணு இருக்கு. ஒண்ணு உடைஞ்சு போச்சு. படத்துல எங்க தெரியப் போகுது, அருவா எடுத்துக்கிட்டு உள்ள போனாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே, மாசி மாதம் வெயில் ஏறுவதற்குள் வந்தால் பக்கத்து வீட்டுப் பையனை டிராக்டரோடு வரச் சொல்வதாகச் சொன்னார்.